வைஃபை பெட்டியின் சாவி யாரிடம் இருக்க வேண்டும்?

கருவூலத்தில் எழுத்தராக முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்தவன் நான். அந்த வேலை எனக்கு இரண்டு பழக்கங்களைக் கொடுத்தது. எதையும் எழுதி வாங்குவது ஒன்று. ஒரு பூட்டைக் கண்டால் அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்று விசாரிப்பது இன்னொன்று. ஓய்வு பெற்று வடசேரிப் பக்கம் வந்து குடியேறிப் பதினைந்து வருஷம் ஆகிறது. இந்த வயதில் மறுபடியும் ஒரு சாவி விவகாரத்தில் மாட்டிக்கொள்வேன் என்று நினைக்கவில்லை. மாட்டிவிட்டது எங்கள் ஹாலில் டிவிக்கு மேலே தொங்கும் வைஃபை பெட்டி.

விஷயம் சாதாரணமானது. எங்கள் மாடியில் கல்லூரிப் பையன்கள் மூன்று பேர் குடியிருந்தார்கள். நல்ல பையன்கள். அவர்கள் கேட்டதும் வைஃபை பாஸ்வேர்டைச் சொல்லிக் கொடுத்தாள் என் மனைவி. பிறகு நான்கு வீடு தள்ளி வேறு மாடிக்குப் போய்விட்டார்கள். போனபிறகும் எங்கள் இணையம் மாலை ஏழு மணிக்கு மேல் நத்தை மாதிரி ஊர்ந்தது. சென்னையில் இருக்கும் பேத்தியோடு வீடியோவில் பேசும்போது அவள் முகம் அப்படியே உறைந்து நின்றுவிடும். அவள்தான் சொன்னாள்: "பாட்டா, வைஃபை பாஸ்வேர்டை மாத்துங்க. ரூட்டரோட அட்மின் பேஜுக்குப் போனா அஞ்சு நிமிஷ வேலை."

(எங்கள் காரைக்காலில் தாத்தா என்போம். நாஞ்சில் நாட்டுக்காரி வயிற்றில் பிறந்த மகளின் மகள், அதனால் நான் பாட்டா.)

அந்த ஐந்து நிமிஷ வேலைக்கு எனக்கு பதினெட்டு நாள் ஆயிற்று.

முதலில் இந்த அட்மின் பேஜ் என்றால் என்னவென்று நம் வயதுக்காரர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். வைஃபை பெட்டிக்குள் ஒரு சிறிய பக்கம் இருக்கிறது. அது வெளியே எங்கோ இருக்கும் வலைத்தளம் கிடையாது. பெட்டிக்குள்ளேயே இருப்பது. வைஃபையின் பெயர், பாஸ்வேர்டு, யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்ற பட்டியல் எல்லாம் அங்கேதான். அதன் முகவரி பெயராக இல்லாமல் எண்ணாக இருக்கும். பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1.

இந்த எண் எப்படி எல்லா வீட்டிலும் ஒன்றாகவே இருக்கிறது என்று எனக்குச் சந்தேகம் வந்தது. பேத்தி விளக்கினாள். 192.168 என்று தொடங்கும் எண்களையும் வேறு சில எண்களையும் வீட்டுக்குள், அலுவலகத்துக்குள் மட்டும் பயன்படுத்த வேண்டும் என்று 1996இலேயே இணையத்தை வகுத்தவர்கள் ஒதுக்கி வைத்துவிட்டார்களாம். தெருவில் எல்லா வீட்டிலும் அடுக்களை உண்டு. 'அடுக்களைக்குப் போ' என்றால் அவரவர் வீட்டு அடுக்களைக்குத்தான் போவோம். அதுபோலத்தான் இதுவும். இதைக் கேட்டபிறகு எண்களைப் பார்த்த பயம் பாதி போய்விட்டது.

இனி நான் செய்த தவறுகளை வரிசையாகச் சொல்கிறேன். உங்களுக்குப் பயன்படும்.

முதல் தவறு, அந்த எண்ணை கூகுள் தேடும் கட்டத்தில் அடித்தேன். உலகத்தில் இருக்கிற கட்டுரை, விளம்பரம் எல்லாம் வந்தது; என் பெட்டி வரவில்லை. மேலே முகவரி இருக்கும் கட்டத்தில், இடைவெளி இல்லாமல், நடுவில் புள்ளிகள் மட்டும் வைத்து அடிக்க வேண்டும்.

இரண்டாவது, செல்போனில் மொபைல் டேட்டாவை நிறுத்தவில்லை. வைஃபை சரியாக இல்லையென்றால் போன் தானாகவே சிம் வழியாக வெளியே போய்விடும். வெளியே போனால் வீட்டு அடுக்களையை எப்படிப் பார்ப்பது? மொபைல் டேட்டாவை நிறுத்திவிட்டு, வைஃபையில் மட்டும் இருந்துகொண்டு அடிக்க வேண்டும்.

மூன்றாவது, எண்ணே தவறு. எங்கள் பெட்டியின் எண் நான் நினைத்தது இல்லை. போனில் வைஃபை அமைப்புக்குள் போய், நாம் இணைந்திருக்கும் பெயரைத் தொட்டால் 'கேட்வே' என்று ஒரு வரி இருக்கும். அதற்கு எதிரே இருப்பதுதான் பெட்டியின் சரியான எண்.

நான்காவது, சில போன்கள் முகவரிக்கு முன்னால் பாதுகாப்பான வழிக்குரிய 'எஸ்' எழுத்தைத் தாங்களாகவே சேர்த்துக்கொள்ளும். பழைய பெட்டிக்கு அது புரியாது. 'எஸ்' இல்லாத ஹெச்டிடிபி, பிறகு முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடு, பிறகு எண் என்று முழுவதும் நாமே அடித்தால் திறக்கும்.

ஐந்தாவது என் தவறில்லை. ஆனால் பலர் வீட்டில் உண்டு. கண்ணாடி இழை வந்து சேரும் பெட்டி ஒன்று, வைஃபை தரும் பெட்டி வேறொன்று என்று இரண்டு இருக்கும். ஒன்றின் பக்கத்தைத் திறந்துவிட்டு மற்றதன் விவரத்தைத் தேடிக்கொண்டிருப்போம்.

இத்தனையும் சரிசெய்து ஒருவழியாகப் பக்கம் திறந்தது. பெயரும் பாஸ்வேர்டும் கேட்டது. பெட்டியை ஆணியிலிருந்து கழற்றி, கண்ணாடியைப் போட்டு, அடியில் இருந்த ஸ்டிக்கரைப் படித்து அப்படியே அடித்தேன். தவறு என்றது. மறுபடி அடித்தேன். தவறு. மூன்றாவது முறை அடித்ததும் கொஞ்ச நேரம் கழித்து வா என்று கதவைச் சாத்திவிட்டது. வைஃபையின் பாஸ்வேர்டையும் போட்டுப் பார்த்தேன், அதுவும் இல்லை. இரண்டும் வேறு வேறு என்பதை நம்மில் பலர் அறியோம். வைஃபை பாஸ்வேர்டு வாசற்கதவின் சாவி. அட்மின் பாஸ்வேர்டு பீரோ சாவி.

இணைப்புக் கொடுத்த ஆபீசுக்கு போன் செய்தேன். வழக்கமாக வரும் பையன்தான் எடுத்தான்.

"சார், அது கம்பெனி பாஸ்வேர்டாக்கும். நீங்க அதைத் தொடாண்டாம். உங்களுக்கு என்ன பாஸ்வேர்டு வேணும்னு சொல்லுங்க, நான் இங்க இருந்தே மாத்தித் தாறேன்."

"தம்பி, அங்கே இருந்தபடியே என் வீட்டுப் பெட்டிக்குள் நீ வர முடியுமா?"

"முடியும் சார். எல்லா வீட்டுக்கும் போகலாம்."

"எல்லா வீட்டுக்கும் ஒரே பாஸ்வேர்டா?"

சிரித்தான். "ஞாபகம் வச்சுக்க லேசுல்லா சார்."

அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவன் வெயிலில் கம்பம் ஏறி, ஒரு நாளைக்குப் பத்து வீடு பார்க்கிறவன். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பாஸ்வேர்டு வைத்து எங்கே எழுதுவான்? ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் கருவூலத்தின் பெட்டக அறை நினைவுக்கு வந்தது.

அரசுக் கருவூலத்தில் பெட்டக அறைக்கு இரட்டைப் பூட்டு. ஒரு சாவி அதிகாரியிடம், இன்னொன்று பொருளாளரிடம். இருவரும் சேர்ந்து நின்றால்தான் திறக்கும். மாற்றுச் சாவிகளை அரக்கு முத்திரை வைத்த உறைக்குள் போட்டு வேறொரு இடத்தில் ஒப்படைத்து வைத்திருப்போம். ஒருவர் மாற்றலாகிப் போனால் பொறுப்பு ஒப்படைக்கும் அறிக்கையில் சாவிகளையும் எண்ணிக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். ஊரிலுள்ள எல்லாக் கருவூலத்துக்கும் ஒரே சாவி, அதுவும் ஒரு பையனின் ஞாபகத்தில் என்று யாராவது சொல்லியிருந்தால் எங்கள் அதிகாரிக்கு மயக்கமே வந்திருக்கும்.

'கருவூலத்தில் பணம் இருந்தது, உங்கள் பெட்டியில் என்ன இருக்கிறது?' என்று கேட்பீர்கள். என் மனைவியும் அதைத்தான் கேட்டாள்.

2008 ஜூலை 26 அன்று ஆமதாபாத்தில் குண்டுகள் வெடித்தன. வெடிப்பதற்குச் சில நிமிஷம் முன்பு பத்திரிகை, தொலைக்காட்சி நிறுவனங்களுக்கு ஒரு மிரட்டல் மின்னஞ்சல் வந்தது. போலீசார் அதன் தடம் பிடித்துப் போய்ச் சேர்ந்த இடம், நவி மும்பையில் குடியிருந்த ஒரு அமெரிக்கரின் வீட்டு வைஃபை. அவருக்கும் குண்டுக்கும் சம்பந்தம் இல்லை. அவருடைய வைஃபையை வேறு யாரோ பயன்படுத்தியிருந்தார்கள். ஆனால் போலீஸ் முதலில் தட்டியது அவர் கதவைத்தான். இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் பதில் சொல்ல வேண்டும். எங்கள் இணைப்பு என் பெயரில், என் ஆதார் எண்ணில் இருக்கிறது.

2017 ஜூலையில் பி.எஸ்.என்.எல். வாடிக்கையாளர்களின் மோடம்கள், குறிப்பாகக் கர்நாடகத்தில், திடீரென்று செயலிழந்தன. சுமார் 60,000 என்று செய்திகள் வந்தன. தொழிற்சாலையில் வைத்து அனுப்பிய 'அட்மின், அட்மின்' என்ற பெயரையும் பாஸ்வேர்டையும் யாரும் மாற்றாமல் விட்டிருந்த பெட்டிகளுக்குள் ஒரு கெட்ட நிரல் புகுந்துவிட்டது. பாஸ்வேர்டை மாற்றுங்கள் என்று அந்த நிறுவனமே பிறகு அறிவுறுத்தியது. பிரேசிலில் நடந்தது இன்னும் மோசம். 2011-12இல் சுமார் 45 லட்சம் மோடம்களுக்குள் புகுந்து, பெயரை எண்ணாக மாற்றிச் சொல்லும் இடத்தை மாற்றி வைத்தார்கள். நாம் வங்கியின் பெயரைச் சரியாகத்தான் அடிப்போம். பெட்டி நம்மைப் போலிப் பக்கத்துக்கு அழைத்துப் போகும். திரையில் எச்சரிக்கை வரலாம். ஆனால் வருகிற எச்சரிக்கையை எல்லாம் 'சரி, சரி' என்று தள்ளிவிட்டுப் போகிறவர்கள்தானே நாம்?

ஓய்வூதியம் வருகிற வங்கிக் கணக்கு, நவம்பரில் போனில் முகத்தைக் காட்டி அனுப்பும் உயிர்வாழ் சான்று, மருந்துக் கடைக்குப் பணம் என்று எல்லாமே இன்று அந்தப் பெட்டி வழியாகப் போகிறது. இதற்கு மேல் மனைவி ஒன்றும் கேட்கவில்லை.

ஆகவே என் கருத்து இது. பெட்டி எங்கே இருக்கிறதோ அந்த வீட்டுக்காரரிடம் அதன் சாவி இருக்க வேண்டும். இணைப்புக் கொடுக்க வருகிறவர் பெட்டியின் எண், பெயர், பாஸ்வேர்டு மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டுத்தான் படியிறங்க வேண்டும். அந்தப் பாஸ்வேர்டு அந்த வீட்டுக்கு மட்டும் உரியதாக இருக்க வேண்டும்.

இது நடக்காத காரியமில்லை. ஜெர்மனியில் 2016 ஆகஸ்ட் 1 முதல் தனக்குப் பிடித்த ரூட்டரை வாங்கி மாட்டிக்கொள்ளும் உரிமை வாடிக்கையாளருக்கு இருக்கிறது. இணைப்புக்கு வேண்டிய விவரங்களை அவர் கேட்காமலே, இலவசமாக, எழுத்தில் நிறுவனம் கொடுக்க வேண்டும். பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், எல்லாப் பெட்டிக்கும் பொதுவான ஒரே பாஸ்வேர்டோடு பொருளை விற்கக் கூடாது என்று சட்டம். பிரான்சில் இருக்கும் என் ஒன்றுவிட்ட தம்பியிடம் பேசினேன். அவர்கள் ரூட்டரை 'பாக்ஸ்' என்றுதான் சொல்கிறார்கள். வைஃபை பாஸ்வேர்டை 'கிளே' என்கிறார்கள். நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியில் முதல் வகுப்பிலேயே கற்ற சொல். சாவி என்று அர்த்தம். சாவி என்று பெயர் வைத்துவிட்டால், அதை யார் வைத்துக்கொள்வது என்ற கேள்வி தானாகவே வந்துவிடுகிறது.

எதிர்த்தரப்பு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். ஆபீஸ் முதலாளி என்னிடம் சொன்னது: "சார், ஜனங்க கையில கொடுத்தா எதையாவது அமுக்கி லைனைக் கெடுத்துருவாவ. அப்புறம் ராத்திரி பத்து மணிக்கு எங்களைத்தான் கூப்பிடுவாவ." உண்மைதான். பெட்டியின் பின்னால் ஊசித் துவாரம் அளவுக்கு ஒரு ரீசெட் பொத்தான் இருக்கிறது. அதைப் பத்து வினாடி அமுக்கினால் பாஸ்வேர்டு பழைய நிலைக்குப் போய்விடும் என்று எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, நானும் குண்டூசியைக் கையில் எடுத்தவன்தான். பேத்தி தடுத்தாள். பாஸ்வேர்டோடு சேர்ந்து, லைனுக்கென்று ஆபீசார் போட்டு வைத்த விவரங்களும் அழிந்துவிடும். அப்புறம் இணையமே வராது. அந்த விவரங்கள் கையில் இல்லாமல் யாரும் குண்டூசியை எடுக்காதீர்கள்.

ஆனால் இதற்கும் வழி உண்டு. பல பெட்டிகளில் இரண்டு விதமான நுழைவு இருக்கிறது. லைனைப் பராமரிக்கும் நுழைவு நிறுவனத்துக்கு. வைஃபை பெயர், பாஸ்வேர்டு, இணைந்தவர் பட்டியல் இவற்றைப் பார்க்கும் நுழைவு வீட்டுக்காரருக்கு. எங்கள் இரட்டைப் பூட்டு மாதிரிதான். அவர்கள் சாவியை அவர்கள் வைத்துக்கொள்ளட்டும். என் சாவியை எனக்குக் கொடுக்கட்டும். அதைத்தான் கேட்கிறேன்.

நம் ஊர்க்காரர்களுக்கு இந்த விஷயம் புதிதும் இல்லை. பத்மநாபபுரம் அரண்மனை இருப்பது நம் மாவட்டத்தில். நிர்வாகம் கேரள அரசின் தொல்லியல் துறை கையில். 1956 நவம்பர் 1 அன்று குமரி தமிழகத்தோடு சேர்ந்த பிறகும் அப்படியே நடக்கிறது. (எங்கள் காரைக்கால் இந்தியாவின் கைக்கு வந்தது 1954இல், அதே நவம்பர் 1. என் மனைவியும் நானும் ஒத்துப்போகிற சில விஷயங்களில் இதுவும் ஒன்று.) அரண்மனையை அவர்கள் நன்றாகவே பார்த்துக்கொள்கிறார்கள், குறை சொல்லவில்லை. அது இரண்டு அரசுகள் அறிந்து நடக்கிற ஏற்பாடு. என் ஹாலில் தொங்கும் பெட்டியைப் பற்றி என்னிடம் யாரும் கேட்கவில்லை.

நம் பக்கத்துத் தவறையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 'எனக்கு இதெல்லாம் தெரியாதப்பா, நீயே பார்த்துக்கோ' என்று சொல்வதை நம் வயதில் பலர் ஒரு பெருமையாகவே வைத்திருக்கிறோம். நானும் சொல்லியிருக்கிறேன். கணக்கும் பூகோளமும் பிரெஞ்சில் படித்துவிட்டு, வேலைக்குச் சேர்ந்த பிறகு ஆங்கிலத்தில் குறிப்பு எழுதக் கற்றுக்கொண்டவன் நான். அப்போது தெரியாது என்று சொல்லியிருந்தால் வேலை போயிருக்கும். இப்போது போவதற்கு வேலை இல்லை என்பதற்காகக் கற்றுக்கொள்வதை நிறுத்தலாமா?

முடிவில் என்ன நடந்தது என்று சொல்கிறேன். நமக்குத் தெரிந்த வழியில் போனேன். ஒரு கடிதம் எழுதினேன். பொருள், பார்வை எல்லாம் போட்டு நான்கு கேள்விகள். நகல் ஒன்று என் கோப்பில். ஒரு வாரம் கழித்து நினைவூட்டு. அதன்பிறகு முதலாளியே வந்துவிட்டார். "என்ன சார், லெட்டரெல்லாம் போட்டுட்டிய? போன்ல சொன்னா போதாதா?" என்று சிரித்தார். காப்பி குடித்தார். பையன் எனக்கென்று ஒரு நுழைவு வைத்துத் தந்தான். அவர்களுடைய நுழைவுக்கும் எங்கள் வீட்டுக்கு மட்டும் என்று ஒரு தனிப் பாஸ்வேர்டு போட்டான். விவரத்தை எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தான். தெருவிலுள்ள மற்ற வீடுகளுக்கும் மாற்றுவதாக முதலாளி சொல்லியிருக்கிறார். அடுத்த மாதம் நினைவூட்டு அனுப்ப நாட்காட்டியில் குறித்து வைத்திருக்கிறேன்.

முதன்முதலாக என் பெட்டியின் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். இணைந்திருந்தவை பதினைந்து. எங்கள் வீட்டில் இருப்பவை நான்கு. மாடியில் இருந்த பையன்களுடையவை ஆறு என்று கணக்குப் போட்டாலும் மீதி ஐந்து யாருடையவை என்று இன்றுவரை தெரியாது. பாஸ்வேர்டுகளை மாற்றினேன். பாலும் காய்கறியும் எழுதும் நோட்டில் எழுதாமல், ஓய்வூதியப் புத்தகம் இருக்கும் உறைக்குள் எழுதி வைத்தேன். எங்கே இருக்கிறது என்று மனைவிக்கும் காட்டினேன். எனக்குப் பிறகு அவள் திறக்க வேண்டுமே.

அன்று மாலை ஏழரைக்கு வாசலில் அழைப்புமணி. மாடிப் பையன்களில் ஒருவன். "தாத்தா, உங்க வைஃபை வேலை செய்யுதா? எங்களுக்கு வரலை" என்றான். கொஞ்சமும் கள்ளமில்லாத முகம். ஒன்றரை மாதத்தில் அவர்களுக்குப் பரீட்சை. மனைவி என்னைப் பார்த்தாள்.

பெட்டியில் விருந்தினர் வைஃபை என்று தனியாக ஒன்று இருப்பதை அன்று காலையில்தான் கண்டுபிடித்திருந்தேன். அதைத் திறந்து, தனிப் பாஸ்வேர்டு வைத்து, மூன்று பேரின் பெயரையும் போன் எண்ணையும் நோட்டில் எழுதி வாங்கிக்கொண்டு கொடுத்தேன். பரீட்சை முடிகிற தேதியையும் எழுதச் சொன்னேன். மறுநாள் மூடிவிடுவேன்.

"இதுக்கும் ரெஜிஸ்டரா?" என்றாள் மனைவி.

இந்தக் கட்டுரையைப் படிக்கிறவர்கள் இன்று சாயங்காலம் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் பெட்டியின் அட்மின் பாஸ்வேர்டு என்னவென்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். யாருக்கும் தெரியவில்லை என்றால் இணைப்புக் கொடுத்தவருக்கு ஒரு கடிதம் போடுங்கள். எப்படி எழுதுவது என்று தெரியவேண்டுமானால் என் நகல் கோப்பில்தான் இருக்கிறது.